குளிரறைக்கு ஏற்ற வண்டி

காலை ஏழு மணி.

குளிரறைக் கதவை, கிடங்கில் எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிடும் பையன் இழுத்துத் திறந்தான். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓரடி வைத்தவன் அப்படியே நின்றான்.

மருந்துப் பெட்டிகளின் அடுக்குக்கு முன்னால் சாவி அண்ணன் ஒருக்களித்துக் கிடந்தார். பஞ்சு வைத்த குளிர்க்கோட்டின் பொத்தான்கள் கழுத்துவரை போடப்பட்டிருந்தன. காதை மூடிய கம்பளித் தொப்பி, கைகளில் உறை. பக்கத்தில், பெட்டிகளைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம் சுருள் ஒன்று பாதி அவிழ்ந்து உருண்டிருந்தது.

ஒட்டகம் கத்தவில்லை. அலுவலக அறைப் பக்கம் திரும்பி, "அக்கா, கொஞ்சம் இங்க வாங்க" என்றான். அவன் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதே இல்லை. கைப்பையைக்கூட மேசையில் வைக்காமல் ஓடினாள்.

கிடங்கு அவளுடையது. அவளுக்கும் தம்பிக்குமாக அப்பா விட்டுப்போனது. மருந்துக் கம்பெனிகள் தங்கள் சரக்கை அங்கே இறக்கி வைத்திருந்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் ஒட்டகத்திலிருந்து வாசல் காவலாள் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். சொந்தத் தம்பி ஒருவன் தரும் தலைவலி போதாதென்று கிடங்கு முழுக்கத் தம்பிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று சிரித்துக்கொள்வாள். சாவி அண்ணன் ஒருவர்தான் அவளைப் பாப்பா என்று கூப்பிடுகிறவர். அப்பா காலத்து ஸ்டோர்கீப்பர். இளமையில் அவரும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்தான். கிடங்கின் அத்தனை சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் அந்தக் கலகல சத்தம் வரும். அப்பா போன பிறகு அவர் அந்தக் கொத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வேற ஆள் பார்த்துக்க பாப்பா, உனக்கு என்மேல நம்பிக்கை இருக்கணுமே" என்றார். அவள் அதைத் தன் கையாலேயே எடுத்து அவர் கையில் திணித்தாள்.

இப்போது மண்டியிட்டு அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. இருந்தது என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இது மாரடைப்பு இல்லைங்க. ரத்தத்துல கார்பன் மோனாக்ஸைடு ஏறியிருக்கு. எஞ்சின் புகையில இருக்கிற விஷம். அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அவர் பக்கத்துல என்ன வண்டி ஓடிச்சு?"

"எதுவும் ஓடலையே டாக்டர். குளிரறைக்குள்ள நிக்கிறது ஒரே ஒரு பேட்டரி வண்டி. அதுல புகையே வராது."

"அப்ப யாரோ வேற எதையோ உள்ள ஓட்டியிருக்காங்க. நான் போலீசுக்குச் சொல்லியாகணும்."

"பிழைச்சிடுவாரா?"

"ஆக்சிஜன் வச்சிருக்கோம். சாயந்தரத்துக்குள்ள கண் திறந்தா நல்லது."

அவள் தலையை ஆட்டினாள். யாரோ என்ற அந்தச் சொல் அவள் காதிலேயே தங்கிவிட்டது.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. வந்ததும் முதலில் கேட்டது ஒரு நாற்காலி. "முட்டிவலி. நீங்க எல்லாரும் நில்லுங்க, நான் உக்காந்துக்கிறேன்" என்றார். உட்கார்ந்தவர் முற்றத்தில் நின்ற ஃபோர்க்லிஃப்டுகளைக் காட்டி, "இது என்ன, கண்காட்சியா?" என்று கேட்டார்.

அக்கா விளக்கினாள். கிடங்கின் பழைய பேட்டரி வண்டி போன மாதம் உயிரை விட்டுவிட்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். எது தோதுப்படும் என்று பார்க்க, விற்பனைக் கம்பெனி மூன்று விதமான வண்டிகளை இறக்கி வைத்திருந்தது. இன்று காலைதான் கடைசிச் சோதனை நடப்பதாக இருந்தது. குளிரறையில் நெருக்கிக் குவித்திருக்கும் சரக்கைப் பிரித்து, புதிதாகப் பொருத்தியிருக்கும் இரும்பு ரேக்குகளில் ஏற்றிப் பார்ப்பது. அதற்காக நேற்று மாலை குளிரறைத் தரையைக்கூடக் கழுவித் துடைத்துவிட்டார்கள்.

விற்பனை ஆள் முன்னே வந்தார். எந்த வெயிலிலும் கழுத்தில் டையைத் தளர்த்தாதவர். அதனால் கிடங்கில் அவருக்கு டைக்காரர் என்று பெயர்.

"மேடம், இந்தப் பெரிசு டீசல். முற்றத்துக்கு, மேடு பள்ளத்துக்கு ராஜா. ஆனா முன்னால நிமிர்ந்து நிக்குது பாருங்க, மாஸ்ட், இந்தத் தூக்குக் கம்பம், இது குளிரறை வாசலைவிட உயரம். உள்ள போகவே போகாது."

"அடுத்தது?"

"இது கேஸ் வண்டி. பின்னால சிலிண்டர் இருக்கு. வாசல்ல தாராளமா நுழையும். வெளியவும் உள்ளவும் ஓட்டலாம். ஆனா காத்தோட்டம் வேணும். மூடின இடத்துல இதை வச்சு வேலை செய்யக் கூடாதுன்னு நானே முதல் நாள் சொல்லிட்டேன்."

"குளிரறைக்குள்ள நிக்கிறது?"

"அது ரீச் டிரக். முழுக்க பேட்டரி. குறுகலான சந்துல திரும்பும், உயரமான ரேக்குக்கு எட்டும். மருந்துக் கிடங்குக்கு அதுதான் சரி. ஒரே ஒரு விஷயம், அதுல ஓட்டுநர் பக்கவாட்டுல உக்காரணும். பழைய வண்டி ஓட்டிப் பழகினவங்களுக்குக் கையும் காலும் ஒத்துழைக்காது. ஒட்டகத்துக்கு ரெண்டு நாள் பழக்கிக் கொடுத்தேன், பிடிச்சுக்கிட்டான். பாவம், அந்தப் பெரியவர்தான் முந்தாநாள் ஏறிப் பார்த்துட்டு..."

"என்ன ஆச்சு?"

ஒட்டகம் சொன்னான். "இடது பக்கம் போறேன்னு போய்த் தூண்ல முட்டிட்டார் மேடம். எல்லாரும் சிரிச்சுட்டோம். இறங்கி, 'இது வண்டியா, ராட்டினமா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டார்."

இன்ஸ்பெக்டரும் சிரித்தார். பிறகு, "எதை வாங்கறதுன்னு முடிவாயிடுச்சா?" என்றார்.

அங்கேதான் சிக்கல். தம்பிக்கு ரீச் டிரக் வேண்டும். ரேக்கில் ஏற்றினால் ஒவ்வொரு பேலட்டும், அதாவது பெட்டிகளைத் தாங்கும் ஒவ்வொரு மரத்தட்டும், கண்ணெதிரே தெரியும். எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை என்பது அவன் கட்சி. சாவி அண்ணன் கேஸ் வண்டிதான் வேண்டும் என்றார். உள்ளே வெளியே இரண்டுக்கும் ஒன்றாகப் போகும், அடுக்கி வைத்த சரக்கை எதற்குக் கலைக்க வேண்டும் என்பது அவர் வாதம். நேற்று மாலை இருவருக்கும் வாய்த்தகராறே வந்துவிட்டது. "இவர் இருக்கிற வரைக்கும் இந்தக் கிடங்கு உருப்படாது" என்று தம்பி எல்லோர் முன்னாலும் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. "சாவி அண்ணனைப் பேசறதும் என்னைப் பேசறதும் ஒண்ணுதான்" என்று அவளும் எல்லோர் முன்னாலும் சொன்னாள். தம்பி அங்கிருந்து போய்விட்டான். ஆனாலும் சோதனையை நிறுத்தச் சொல்லி சாவி அண்ணன் கேட்டபோது, பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்போமே என்று அவள் சமாதானம் செய்திருந்தாள்.

இதில் பாதியைத்தான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். மீதியை டைக்காரர் சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கேஸ் வண்டியின் மீட்டரைப் பார்க்கச் சொன்னார். டைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஓடியிருக்கு மேடம். நேத்து நான் நிறுத்திட்டுப் போனதுக்கு மேல ஒரு மணி நேரத்துக்குக் குறையாம ஓடியிருக்கு."

"இதோட சாவி?"

"மூணு வண்டிச் சாவியும் பெரியவர் கொத்துலதான். ரெண்டாவது செட் ஆபீஸ் டிராயர்ல."

"டிராயருக்கு?"

"பூட்டு கிடையாது" என்றாள் அக்கா.

காவலாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டது அந்த நேரத்தில்தான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

"அக்கா, போலீஸ்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடறேன். சாவி அண்ணன் விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டார். அவர் எப்பவுமே முதல்ல வர்றவர்தான். ஆனா கொஞ்ச நேரத்துல தம்பியோட காரும் வந்துச்சு. வாசல் பக்கம் வரல. பின்பக்கச் சந்துல விளக்கை அணைச்சுட்டு நின்னுச்சு."

"தம்பி காரா? நல்லா தெரியுமா?"

"பின்கண்ணாடியில விரிசல் இருக்குமே அக்கா."

தம்பி ஏழரைக்கு வந்து இறங்கியபோது, "இப்பதான் வீட்லேருந்து வர்றேன், என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தான். ஒரே வீட்டில் மாடியில் அவன், கீழே அவள். அவன் காலையில் போன சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் அப்படிப் போயிருப்பான் என்று இப்போது தோன்றியது. பின்கதவுச் சாவி அவனிடமும் ஒன்று உண்டு.

அவனைப் போய்க் கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் நின்றான். ஆனால் அவள் கண்ணில் ஆக்சிஜன் மூடிக்குள் பனித்துக்கொண்டிருந்த சாவி அண்ணனின் வாய் நின்றது. நேராக இன்ஸ்பெக்டரிடம் போய், "என் தம்பியை விசாரிங்க" என்றாள்.

அலுவலக அறை. கதவைச் சாத்தினார்கள். அக்காவும் இருக்கட்டும் என்று இன்ஸ்பெக்டரே சொன்னார்.

"காலைல எப்ப வந்தீங்க?"

"ஏழரை."

"அதுக்கு முன்னாடி?"

"வீட்ல."

"கார்?"

"அதுவும் வீட்லதான்."

"பின்பக்கச் சந்துல நின்னதைப் பார்த்தவங்க இருக்காங்க."

அவன் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"நீதான் சொன்னியா?"

அவள் சன்னலைப் பார்த்தாள்.

"சரி. நின்னேன். ஒரு போன் பேச வேண்டியிருந்தது. உள்ள வரல."

"விடியற்காலையில யார்கூட?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"சாவி அண்ணன்மேல என்ன கோபம்?"

"கோபம் இல்லைங்க. குளிரறைல வலது மூலையில பின்பக்க அடுக்கு இருக்கே, ஒரு கம்பெனியோட அவசர இருப்பு, அதைப் பிரிச்சு ஒரு தடவை எண்ணிடலாம்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்குத் திடீர்னு தேவைப்பட்டா அதைத்தான் கேப்பாங்க. எப்ப கேட்டாலும் அப்புறம் அப்புறம்னார். நேத்து அக்கா முன்னாடியே கேட்டேன். பதில் அக்காகிட்டேருந்து வந்துச்சு."

"சந்துல நின்னப்ப ஏதாவது சத்தம்?"

"உள்ள வண்டி ஓடுற சத்தம் கேட்டுச்சு. ஒட்டகம் சீக்கிரமே வந்துட்டான்னு நினைச்சேன்."

"எப்படிச் சத்தம்? ஒரே சீரா?"

"இல்ல. உறுமும், தணியும். சரக்கு ஏத்தி இறக்கும்போது வருமே, அப்படி. நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுச்சு."

"நீங்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவீங்களா?"

முதல் தடவையாக அவன் முகம் லேசாக இளகியது. "காலேஜ்ல படிக்கிறப்போ ஒரு தடவை ஓட்டி, அப்பாவோட மேசையை அப்பாவோட சேர்த்துத் தள்ளினேன். அதுக்கப்புறம் ஏற விட்டதில்ல."

அவனை அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் எழுந்தார். வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றார். அக்கா அவனைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். கூடப்பிறந்தவன். அப்பாவோடு சேர்ந்து இந்தக் கிடங்குக்காக ஓடாய்த் தேய்ந்த மனிதரை, பிடிக்கவில்லை என்பதற்காகப் புகை போட்டுச் சாய்த்துவிட்டான். அப்படித்தான் அவள் மனம் கணக்குப் போட்டு முடித்திருந்தது.

குளிரறைக்குள் இன்ஸ்பெக்டர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் குந்தினார். கழுவித் துடைத்த வெளிர்த் தரையில் வாசலிலிருந்து கறுப்பு டயர்த் தடங்கள் உள்ளே வந்திருந்தன. ரீச் டிரக்கின் சக்கரங்களை எட்டித் தொட்டுப் பார்த்தார். வெளிர் மஞ்சள் நிறம், தடம் விடாத வகை.

"கேஸ் வண்டியோட தடம்தான். இதைத்தான் எல்லாரும் காலையிலேருந்து பார்த்துட்டிருக்கீங்க" என்றார். ஊன்றுகோல் போல ஒட்டகத்தின் கையைப் பிடித்தபடி தடத்தின் கூடவே நகர்ந்தார். அது வளைந்து, நெளிந்து, வலது மூலை அடுக்கு வரை போயிற்று. அங்கே பேலட்டின் அடியில் நுழைந்து மறைந்தது.

"உங்க சாவி அண்ணன் குளிரறைக்குள்ள எப்பவும் கோட்டு போட்டுத்தான் வருவாரா?" என்று திடீரென்று கேட்டார்.

"எங்கே? அதுக்குத்தான் நான் தினமும் திட்டுவேன். சட்டையோட வந்து, டெம்பரேச்சரைப் பார்த்துட்டு ஓடிடுவார். ஒரு நிமிஷ வேலைக்குக் கோட்டு எதுக்கு பாப்பான்னு கேப்பார்."

"இன்னிக்குக் காலைல சரக்கு ஏதாவது வெளிய போக வேண்டியிருந்ததா?"

"இல்லையே. சோதனைக்காக எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருந்தோம்."

இன்ஸ்பெக்டர் மெல்ல நிமிர்ந்தார். அவர் முகம் மாறியிருந்தது. அக்காவைப் பார்த்த பார்வையில், கெட்ட செய்தி கொண்டுவந்தவரின் தயக்கம் இருந்தது.

"அந்த ரீச் டிரக்கை எடுப்பா. இந்த வலது மூலை அடுக்கை ஒண்ணொண்ணா இறக்கு. தம்பியையும் வரச் சொல்லுங்க."

ஒட்டகம் ஏறி உட்கார்ந்தான். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்து, சின்ன இடத்தில் திரும்பி, ஃபோர்க் எனும் இரும்புக் கரங்களை நீட்டி மேல் பேலட்டைத் தூக்கியது. முன்வரிசை இறங்கியது. எல்லாம் கனமான, நிறைந்த பெட்டிகள். அதற்குப் பின்னால் இருந்த பேலட்டைத் தூக்கியபோது ஒட்டகம் லீவரிலிருந்து கையை எடுத்தான்.

"அக்கா, இது என்ன, காத்து மாதிரி இருக்கு."

கீழே இறக்கினார்கள். பளபளவென்று புதிதாகச் சுற்றிய ஃபிலிம். மற்ற அடுக்குகளின் ஃபிலிமில் படிந்திருந்த மங்கல் இதில் இல்லை. இன்ஸ்பெக்டர் தன் பேனாவால் அதைக் கிழித்து ஒரு பெட்டியை அக்காவின் கையில் கொடுத்தார். திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. வெறும் அட்டை. அடுத்ததும் வெறும் அட்டை. அதன் பின்னால் இருந்த பேலட்டும் அப்படியே. அதற்குப் பின்னால் பெட்டிகூட இல்லை. நான்கு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டு நடுவில் விட்ட அறை போல, ஆள் படுத்துத் தூங்கலாம் என்கிற அளவுக்கு வெற்றிடம்.

குளிரூட்டும் விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அவசர இருப்பு" என்றான் தம்பி, தனக்குத்தானே.

இன்ஸ்பெக்டர் மறுபடி நாற்காலியைத் தேடினார். யாரோ கொண்டுவந்து போட்டார்கள்.

"யாரோ அவரைக் கொல்லப் பார்த்தாங்கன்னுதான் நானும் வந்தேன். ஆனா கொல்ல வர்றவன் வண்டியை உள்ள நிறுத்தி, எஞ்சினை ஓட விட்டுட்டுப் போயிடுவான். இங்க தடம் பேலட்டுக்கு அடியில போகுது. அப்படின்னா வண்டி வந்தப்போ அந்த இடம் காலியா இருந்தது. அதுக்கு அப்புறம்தான் பேலட்டை மேல வச்சிருக்காங்க. உங்க தம்பி கேட்ட சத்தமும் அதைத்தான் சொல்லுது. ஒருத்தர் கதவைச் சாத்திக்கிட்டு வேலை செஞ்சிருக்காரு. முன்வரிசையை எடுத்து, பின்னால இருக்கிற வெற்றிடத்தை மறைக்கக் காலிப் பெட்டிகளை அடுக்கி, முன்வரிசையைத் திருப்பி வச்சு."

"யாரு?" என்றாள் அக்கா. அவளுக்கே தெரிந்த பதிலை வேறு யாராவது சொல்லித் தொலைக்கட்டும் என்று கேட்ட கேள்வி.

"எந்த வண்டியை எடுத்தாங்கன்னு பாருங்க. புகை வராத, சத்தம் வராத வண்டி இந்த அறைக்குள்ளேயே தயாரா நிக்குது. ஒட்டகமா இருந்தா அதைத்தான் எடுத்திருப்பான். டைக்காரர்னாலும் அதைத்தான் எடுத்திருப்பார். உங்க தம்பிக்கு எந்த வண்டியும் தெரியாது. அதை விட்டுட்டு, மூடின அறைக்குள்ள கேஸ் வண்டியை ஓட்டறது யாரு? பழைய வண்டி ஓட்டத் தெரிஞ்சு, புது வண்டி ஓட்டத் தெரியாத ஒருத்தர். அப்படி இங்க ஒரே ஒருத்தர்தான் இருக்கார்."

அக்கா கையிலிருந்த காலிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"வேலை முடிஞ்சதும் வண்டியைக் கொண்டுபோய்ப் பழைய இடத்துல விட்டுட்டார். கலைச்ச முன்வரிசைக்கு ஃபிலிம் சுத்தறது பாக்கி. திரும்ப உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டார். தலை வலிச்சிருக்கும், குளிர்னு நினைச்சிருப்பார். அந்த வாயு அறைக்குள்ளேயேதான் சுத்திட்டிருந்தது. இந்தக் கதவை உள்ளேருந்து ஒரு தள்ளு தள்ளினா திறக்கும். அவர் கதவுப் பக்கமே வரல. பயந்திருந்தா வந்திருப்பார்." இன்ஸ்பெக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் பார்த்தும் பார்க்காம விட்டது அந்தக் கோட்டு. குளிரறைல கிடந்தவர் கோட்டு போட்டிருந்தா யாருக்கும் வித்தியாசமா படாது. ஆனா அவர் கோட்டே போடாத ஆளுன்னு நீங்கதான் சொன்னீங்க. ரொம்ப நேரம் உள்ள இருக்கப்போறோம்னு வீட்லேருந்தே முடிவு பண்ணிட்டு வந்தவர்தான் கழுத்துவரைக்கும் பொத்தான் போடுவார்."

"ரேக் வந்தா எல்லாம் தெரிஞ்சுடும்னு..." என்று ஒட்டகம் ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அதனால்தான் கேஸ் வண்டி. அதனால்தான் அடுக்கி வைத்ததைக் கலைக்காதே. இரண்டு வாரமாக அவர் ஒவ்வொரு வண்டியின் நிறைகுறைகளை எடுத்துச் சொல்லச் சொல்ல, கிடங்குமேல் எவ்வளவு அக்கறை என்று அவள் உருகிப்போயிருக்கிறாள்.

சாயந்தரம் சாவி அண்ணன் கண் திறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. இன்ஸ்பெக்டர் முதலில் பேசிவிட்டு வெளியே வந்தார். "ஒத்துக்கிட்டார். திருடின மருந்தை வெளிய வாங்கின ஆளோட பேரையும் சொல்லிட்டார். நீங்க வேணும்னா பார்க்கலாம். கட்டாயமில்ல."

அவள் போனாள். சாவிக் கொத்தைப் போலீஸ் எடுத்துக்கொண்டதால் இடுப்பு வெறுமையாக, மருத்துவமனை அங்கியில் அவர் யாரோ போல இருந்தார். அவளைப் பார்த்ததும் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"பாப்பா."

"அப்படிக் கூப்பிடாதீங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடேயே பேசினார்.

"முதல் பெட்டியை எடுத்தப்போ, நாளைக்கே கண்டுபிடிச்சிடுவே, காலைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடலாம்னு நினைச்சேன். நீ எண்ணவே இல்ல. அடுத்த மாசமும் எண்ணல. நீ ஒரு தடவை அந்த மூலைக்கு வந்து எட்டிப் பார்த்திருந்தா அதோட நின்னிருக்கும்."

தான் வைத்த நம்பிக்கையையே எடுத்து அவர் தன்மேல் குற்றமாகச் சுமத்துகிறார் என்பது புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் ஏதோ ஒன்று உள்ளே அறுந்து விழுந்தது.

"அந்த மருந்து யாருக்குன்னு தெரியுமில்ல?" என்றாள். "வேற எங்கயும் கிடைக்காதப்போ ஆஸ்பத்திரிக்காரங்க கேக்கிற மருந்து. கேட்டிருந்தா நான் அட்டைப் பெட்டியை அனுப்பியிருப்பேன்."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

வெளியே தம்பி காரில் உட்கார்ந்திருந்தான். அவன் வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டே இருந்தான்.

"கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றான். "எவ்வளவு குறையுதுன்னு நாளைக்கு அவங்க ஆளுங்க வந்து எண்ணுறாங்க. நானும் இருக்கேன்."

"சரி."

"காலைல பேசினது ஒரு வேலைக்காக. வெளிநாடு. அவங்களுக்கு அப்பதான் ஆபீஸ் நேரம். வீட்ல பேசினா கீழ கேக்கும், அதான் சந்துல போய் நின்னேன். கிடைக்குதோ இல்லையோ, கிடைச்ச பிறகு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டைப் பெட்டியின் தூசி இன்னும் விரல்களில் ஒட்டியிருந்தது.

"கிடைச்சிருச்சா?"

"மத்தியானம் போன் வந்துச்சு. உன் ஆபீஸ் வாசல்ல போலீஸ்காரர் நின்னுட்டிருந்தப்போ."

"நான் தப்பு பண்ணிட்டேன்டா."

"அவர் ஏமாத்தினார். அது உன் தப்பில்லக்கா." அவள் பக்கம் திரும்பினான். "காலைல நான் பத்தடி தள்ளித்தான் நின்னுட்டிருந்தேன். என்னை வந்து கேட்டிருக்கலாம்."

"போகாதேன்னு சொன்னா?"

அவன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உயிர் பெற்றது.

"காலைல சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்" என்றான். பின்னால் வண்டி ஏதும் வருகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துவிட்டு, காரை மெதுவாகச் சாலையில் இறக்கினான்.